வலப்பக்கப் பட்டியல்

காலை ஒன்பது மணிக்கு ஜெசிந்தா தன் மேசையில் ஏழு திரைகளையும் வரிசையாக எழுப்பினாள். சுவர்த்திரையில் தொடங்கி, இரண்டங்குல மணிக்கட்டுத் திரையில் முடியும் வரிசை. அன்று வெளியாக வேண்டிய பாடத்தை ஒவ்வொன்றிலும் விரலால் தள்ளிப் பார்த்தாள். படம் சுருங்குகிறதா, எழுத்து வெட்டுப்படுகிறதா, பொத்தான் விரலுக்கு அகப்படுகிறதா. தூத்துக்குடிப் பாடக்கூடத்தில் ஒன்பது வருடமாக அவள் தகவமை வடிவமைப்பாளர். பழைய ஆட்கள் இதை ரெஸ்பான்சிவ் டிசைன் என்பார்கள்.

வெல்டிங்கோ, கிரேன் ஓட்டுவதோ, எந்த வேலைக்கும் இப்போது பயிற்சியாளர் கிடையாது. பாடம் மணிக்கட்டுக்கு வரும். படித்துவிட்டு ஐந்து கேள்விகளுக்கு விடையைத் தொட்டால் பணி உரிமம் ஓராண்டுக்கு நீளும். நடுவில் திருத்தம் வந்தால் அன்றைக்கே முடிக்க வேண்டும். ஆளுக்கு ஆள் ஒன்றைச் சொல்லிக்கொடுத்துத்தான் விபத்துகள் நடந்தன என்று கண்டு, இருபது வருடங்களுக்கு முன் இப்படி மாற்றினார்கள். விபத்துகள் குறையவும் செய்தன.

தேர்வுப் பிரிவின் இன்பராஜ் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தான்.

"மேடம், துறைமுகத்துப் பக்கத்து ஐஸ் பிளான்ட்ல அமோனியா கசிஞ்சிருச்சு. நேத்து சாயங்காலம். ஒருத்தர் போயிட்டாரு. ஒரு பொண்ணு ஆஸ்பத்திரில இருக்கு."

"நம்ம பாடமா?"

"நீங்க போட்ட லேஅவுட்."

அவன் கொண்டுவந்த காணொளியில் ஒலி இல்லை. தரையில் திரவம் தேங்கியிருந்தது. ஒரு நடுவயது ஆளும் இளம்பெண்ணும் எச்சரிக்கை மணியை அழுத்தினார்கள். முகமூடி போட்டார்கள். அந்தப் பெண் தண்ணீர் வாளியைத் தூக்கினாள். அந்த ஆள் வாளியின் மேல் கையை வைத்தார். அவள் ஏதோ சொன்னாள். அவர் கையை எடுத்துவிட்டார். தண்ணீர் விழுந்ததும் வெள்ளைப் புகை கூரைவரை எழும்பியது. இருவரும் அந்தப் புகை போகும் திக்கிலேயே ஓடினார்கள்.

ஜெசிந்தா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"எதுக்கு தண்ணி ஊத்துறாங்க? ஊத்தக்கூடாதுன்னு பெரிசாப் போட்டிருக்கேனே!"

இன்பராஜ் தன் மணிக்கட்டை நீட்டினான்.

சுவர்த்திரையில் அந்தப் பக்கம் இரண்டு பட்டியல்களாக இருக்கும். இடப்பக்கம் 'செய்ய வேண்டியவை', வலப்பக்கம் 'செய்யக்கூடாதவை'. திரை ஒடுங்கும்போது வலப்பக்கப் பட்டியல் இடப்பக்கத்தின் கீழே வந்து உட்காரும்படி அமைத்தது அவள்தான். பட்டியல் வந்து உட்கார்ந்திருந்தது. அதன் தலைப்பு வரவில்லை. மணிக்கட்டில் ஒரே தலைப்பு, அதன் கீழே ஒரே பட்டியல், ஐந்து வரிகள். ஒன்று, மணியை அழுத்துதல். இரண்டு, முகமூடி அணிதல். மூன்று, மற்றவர்களை எச்சரித்தல். நான்கு, தேங்கிய திரவத்தின் மேல் தண்ணீர் ஊற்றுதல். ஐந்து, காற்று வீசும் திக்கிலேயே ஓடுதல்.

அவள் இதைச் சரிபார்த்திருந்தாள். ஒரு எழுத்துகூட வெட்டுப்படவில்லை. அதைத்தான் பார்த்தாள், வாசிக்கவில்லை.

"கேள்வியில மாட்டியிருக்கணுமே இன்பா?"

"கேள்வியும் அந்தப் பக்கத்துல இருந்துதான் தானா உருவாகுது. தண்ணி ஊத்தணும்னு தொட்டாத்தான் மார்க்."

"எத்தனை பேர் படிச்சிருக்காங்க?"

"பதினோராயிரத்துச் சொச்சம். எல்லாரும் பாஸ்."

"அதுல பழைய ஆளுங்க எத்தனை பேர் இருப்பாங்க! ஒருத்தர்கூடவா கேக்கல?"

"எப்படிக் கேப்பாங்க? பாடத்துக்கு மாறா வாயைத் திறந்தா உரிமம் ரத்து மேடம். நமக்கும் அதே சட்டம்தான்."

ஜெசிந்தா உட்கார்ந்து தலைப்பை அதன் பட்டியலோடு பிணைத்தாள். பத்து நிமிட வேலை. பதினோராயிரம் மணிக்கட்டுகளுக்கும் திருத்தத்தை அனுப்பிவிட்டு மருத்துவமனைக்குப் போனாள்.

காணொளியில் வாளியைத் தூக்கிய சண்முகவடிவுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். கண்களிலும் கைகளிலும் கட்டு. அவளுடைய மணிக்கட்டுத் திரை கட்டில் கம்பியில் தொங்கி அதிர்ந்துகொண்டிருந்தது.

"யாரு, நர்ஸக்காவா?"

"இல்லம்மா. பாடக்கூடத்துல இருந்து வர்றேன். பேரு ஜெசிந்தா."

"நல்லதாப் போச்சு மேடம். புதுப் பாடம் வந்திருக்கு போல. கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க. இன்னைக்குள்ள முடிக்கலன்னா உரிமம் போயிரும்லா."

மன்னிப்புக் கேட்க வந்தவள் திரையை எடுத்து வாசித்தாள். மூன்று வரிகள். பிறகு தலைப்பு. செய்யக்கூடாதவை. தேங்கிய திரவத்தின் மேல் தண்ணீர் ஊற்றுதல்.

"அந்த வரிய இன்னொருக்க வாசிங்க."

வாசித்தாள்.

"நேத்துவரைக்கும் ஊத்தணும்னுதான இருந்துச்சு?"

"நேத்தும் ஊத்தக்கூடாதுதான்மா. சின்னத் திரையில தலைப்பு விட்டுப்போச்சு. பக்கத்தை அமைச்சது நான்தான். என் தப்பு."

திட்டுவாள் என்று ஜெசிந்தா காத்திருந்தாள். வடிவின் குரல் மெல்ல வந்தது.

"செல்வினண்ணே வாளியப் பிடிச்சு நிறுத்துனாரு மேடம். வாயத் தொறக்கல. தலைய மட்டும் ஆட்டுனாரு. நான்தான், 'நாலாவது இதுதானண்ணே'ன்னேன். கைய எடுத்துட்டாரு. இருபத்தஞ்சு வருசமா ஐஸ் பிளான்ட்ல கிடந்த மனுசன். அவருக்குத் தெரிஞ்சிருக்கு!"

திரையில் முதல் கேள்வி வந்து நின்றது.

"விடையைத் தொடட்டுமாம்மா?"

"வேண்டாம்." கட்டுப்போட்ட கையால் தள்ளப் பார்த்து, வலியில் முனகினாள். "அவரு பெஞ்சாதிகிட்ட யாரு மேடம் போய்ச் சொல்றது? பாடம் தப்பு, அண்ணே நெனச்சதுதான் சரின்னு?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் நின்ற காவலாளியும் திரும்பினான். ஜெசிந்தா குரலைத் தாழ்த்தவில்லை.

"நான் போய்ச் சொல்றேன். பாடம் தப்பு."