இசபெலின் ஜன்னல்

தட்டு துடைத்துவிட்டது போல் காலியாக இருந்தது. நேற்றுப் பின்னேரம் மேரிறோஸ் அந்தச் சுவர் ஜன்னலில் வைத்த புட்டிலும் மீன் பொரியலிலும் துகள்கூட மிச்சமில்லை. எலி தின்றிருந்தால் முள்ளையாவது விட்டுவைத்திருக்கும்.

கிழக்கு லண்டனின் அந்தப் பழைய தேவாலயத்தை அவளும் கணவரின் தம்பி அருட்பிரகாசமும்தான் கூட்டித் துடைப்பது. பீடத்தை ஒட்டி, வாசலே இல்லாத ஓர் அறை. அறுநூறு வருஷத்துக்கு முன் இசபெல் என்றொரு பெண், செபத்துக்காகவே தன்னை அதற்குள் வைத்துச் சுவர் எழுப்பச் சொன்னாளாம். உயிரோடிருந்தவளுக்கு அடக்கப் பூசையும் சொல்லி முடித்தார்களாம். சாப்பாடு போனதும் ஊரார் மன்றாட்டுச் சொன்னதும் இந்தக் கையகல ஜன்னல் வழியாகத்தான்.

நேற்று, செத்தவர்களுக்குப் படைக்கிற ஆத்துமாக்கள் திருநாள். படைக்க ஒருவரும் இல்லாத பிறவி என்று மேரிறோஸின் மனம் இளகிவிட்டது. இளகின மனம் சும்மா இருக்குமா? தட்டை வைத்தவள், தன் மன்றாட்டையும் சேர்த்து வைத்தாள்.

"கிறிஸ்துராஜாவை என்னட்டைக் கொண்டுவந்து விடு தாயே."

மன்னாரில் வள்ளம் ஏறிய அவள் கணவர் கிறிஸ்துராஜா, ஐந்து மாதமாகியும் இராமேஸ்வரத்தில் இறங்கவில்லை.

"அண்ணைக்கும் ஒரு தட்டு வைச்சிருக்கலாம், மச்சாள்," என்றான் அருட்பிரகாசம், அழுக்குத் தண்ணி வாளியைத் தூக்கியபடி.

"உயிரோட இருக்கிற ஆளுக்கு ஆரும் படைக்கிறதோ? விசர்க்கதை கதையாதையும்."

அவன் வெளியே போனான். நாலு மணிக்கே இருட்டுகிற நவம்பர். அணைந்த மெழுகுதிரியின் புகை, சுவரோரக் குழாயில் சுடுதண்ணி ஓடும் டொக் டொக், அதற்கும் அடியில், சுவருக்கு அந்தப் பக்கம், ஈரத்துணியை இழுப்பது போல ஒரு சத்தம். தட்டை எடுக்கக் குனிந்தாள். உப்பு மணத்தது. பாசி. மண்ணெண்ணெய். அவர் வள்ளத்தின் மணம்.

அப்போதுதான் உறைத்தது. புட்டும் பாரைமீன் பொரியலும் அவருக்குப் பிடித்த சாப்பாடு. புருஷன் பெயரை வாய்விட்டுச் சொல்லாதவள், அதை வைத்துச் சொன்னதும் அவர் பெயர். இசபெலுக்கென்று எதை வைத்தாள்?

அவருக்கே படைத்துவிட்டாள். தன் கையால்.

ஓட வேண்டும். தட்டை விட்டுக் கையை இழுத்தாள்.

ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. ஊறி வெளுத்த கை. தண்ணீர் சொட்டியது. தட்டின் விளிம்பைத் தடவியது. கல்யாணத்தன்று மோதிரம் ஏறாமல் சிக்கிய அந்த வீங்கிய விரல்மூட்டு. அதில் அவள் போட்ட மோதிரம்.

உள்ளங்கை மெல்ல மலர்ந்து, இன்னும் கேட்டது.