உருவாரங்கள்

வைக்கோலை விலக்கி அந்த மண் பிள்ளையின் நெற்றியில் சென்னிமலை கை வைத்தபோது, அது சுட்டது.

துடியலூரில் நாள்கணக்காக வெயிலே இல்லை. ஐப்பசி மழை ஓட்டின் மேல் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. கிடங்கிலிருந்த வெண்கல விளக்குகளும் சீனத்து ஜாடிகளும் தேக்குக் கதவுகளும் தொட்டால் சில்லென்றிருக்க, நேற்று மேட்டுப்பாளையம் பக்கமிருந்து டெம்போவில் வந்திறங்கிய சுடுமண் பிள்ளைகள் மட்டும் இப்போதுதான் சூளையிலிருந்து எடுத்தவைபோல் கதகதத்தன.

பிள்ளைக்குக் காய்ச்சல் முற்றினால், பிழைக்க வேண்டுமென்று நேர்ந்துகொண்டு, அதே உயரத்தில் ஒரு மண் பிள்ளை செய்து கோயிலில் வைப்பார்கள். அதுதான் உருவாரம்; பிள்ளையின் காய்ச்சலை அது வாங்கிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. பாக்குத் தோப்பு போடுவதற்காக ஒரு கோயில் காட்டை அழிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பழைய கலைப்பொருள் வியாபாரியான சென்னிமலை அங்கிருந்த எல்லாவற்றையும் அள்ளி வந்திருந்தார். கொச்சியில் கடை வைத்திருக்கும் ரம்லா போனிலேயே எல்லாம் தனக்கு வேண்டுமென்று சொல்லிவிட்டாள்.

மூக்கருகே ஒரு வாடை வந்தது. புளித்த பாலும் வேர்வையும் மருந்தும் கலந்த வாடை. அவருக்குத் தெரிந்த வாடை. ஆறு வயதில் மூளைக்காய்ச்சலில் போன மகள் லோகப்பிரியாவின் படுக்கையில் இருந்தது.

"ஏனுங்க, சாப்பிட வாரீங்களா?"

வாசலில் மனைவி தெய்வாத்தாள். மகளின் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்றே பார்த்தாள். அதன்பின் பேச்சு குறைந்துபோனவள். உள்ளே வந்து குனிந்து, மண் பிள்ளையின் கழுத்தில் புறங்கையை வைத்தாள்.

"இதுக்குக் காய்ச்சலுங்க."

"மண்ணு தெய்வா அது."

"அனலாட்டக் கொதிக்குதுங்க. ஈரத்துணி போடோணும்."

அவர் தடுப்பதற்குள் பேசினில் தண்ணீர் கொண்டுவந்து, தன் பழைய சேலையைக் கிழித்து நனைத்து, அதன் நெற்றியில் போட்டாள். துணியிலிருந்து ஆவி எழுந்தது. சென்னிமலை பின்வாங்கினார்.

வீட்டுக்குள் ஓடி டெம்போக்காரருக்குப் போன் போட்டார்.

"எல்லாத்தையும் திருப்பிக் கொண்டுபோய் வெச்சுப்போடலாம். வண்டிய எடுத்துட்டு வாங்க."

"எங்கீங்க வெக்கிறது? கோயில் கல்லைக்கூடப் புரட்டிப்போட்டாங்க. இப்ப அங்க வெறும் சேறுதானுங்க."

கிடங்குக்குத் திரும்பியவர் கதவருகே நின்றுவிட்டார். உள்ளே தெய்வாத்தாள் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். மகள் போனதிலிருந்து கேட்காத குரல். பயமாக இருந்தாலும் கண் நிறைந்தது. உள்ளே போய் அதை நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. மழையில் நனைந்தபடி வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார்.

பாட்டு நின்றபோது உள்ளே போனார்.

"இவனுக்கு எறங்கிருச்சுங்க," என்றாள்.

தொட்டுப் பார்த்தார். சூடு இல்லை. ஆனால் விரல் லேசாக அமுங்கியது. வேர்த்து அடங்கிய தோல்போல. விரலை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தார். நெருப்பாயிருந்தது.

"டாக்டர்கிட்டப் போலாம். எந்திரி தெய்வா."

"இன்னும் இத்தனை புள்ளைங்க கெடக்குதுங்களே."

"எனக்காக வா."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபமே இல்லை. "மறுபடியும் என்னைய வெளிய நிக்கச் சொல்றீங்களா?"

டாக்டரையே கூட்டி வரலாமென்று ஓடினார். மேட்டுப்பாளையம் ரோட்டில் முழங்கால் வரை தண்ணீர். ஆட்டோ ஒன்றும் நிற்கவில்லை. டாக்டர் வீடு பூட்டியிருந்தது. தனியாகவே திரும்பினார். பொழுது சாய்ந்திருந்தது. தெருவில் கரண்ட் இல்லை.

கிடங்கில் பாட்டு இல்லை.

"தெய்வா."

மழை மட்டும்.

டார்ச்சை அடித்தார். பேசின் காய்ந்திருந்தது. துணிகள் மொறமொறவென்று கிடந்தன. சுவரில் சாய்ந்து அவள் உட்கார்ந்திருந்தாள், ஒரு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு.

தோளைத் தொட்டார். சில்லென்றிருந்தது. கரகரத்தது.

டார்ச் வெளிச்சத்தில் தோள் செங்காவி நிறம். கழுத்திலும் அதே நிறம். கன்னத்தில் மெல்லிய விரிசல். அந்த முகத்தில், வருஷக்கணக்காக அவர் காணாத நிம்மதி.

ஏதோ அசைந்தது.

வைக்கோல். சுற்றிலும். மெல்ல ஏறியது. இறங்கியது. சின்னச் சின்ன மார்புகள்.

மடியிலிருந்த பிள்ளை தூக்கத்தில் புரண்டு, அவளுடைய மண் விரலை இறுகப் பற்றிக்கொண்டது.