ரோஸ் நிறப் புள்ளிகள்

மழைக்கு ஒதுங்குகிறவர்கள் ஒதுங்கிவிட்டுப் போக வேண்டியதுதானே... அடுத்தவர் வியாபாரத்தில் மூக்கை நுழைப்பானேன்?

ஹெப்சிபாவுக்கு அப்படித்தான் கோபம் வந்தது. டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்தில் இருந்த இசைக்கருவிக் கடையில் அரை மணி நேரம் யோசித்து, ஒரு பெரிய பெடல் பெட்டியைத் தேர்ந்தெடுத்திருந்தாள். காலால் மிதித்தால் கிடாரின் ஒலியை மாற்றித் தருகிற பெட்டி. உள்ளே நூறு வகைச் சத்தம் இருப்பதாகக் கடைக்காரர் செல்வக்குமார் ஆசை காட்டியிருந்தார். கனத்த அடிச் சத்தம் தருகிற பேஸ் கிடார் வாசிக்கிற பெண்ணுக்கு நூறு சத்தம் கசக்குமா என்ன... அந்த நேரம் பார்த்துத்தான் வாசல் பக்கமிருந்து ஒரு சிரிப்பு கேட்டது.

திரும்பினாள். நனைந்த சட்டை. தோளில் பிளாஸ்டிக் தாள் சுற்றிய கிடார் உறை. நெற்றியில் பாதி கரைந்த திருநீறு. அந்தக் கண்கள்... மழையில் நனைந்த நாவல்பழம் மாதிரி அப்படி ஒரு கறுப்பு, அப்படி ஒரு மினுமினுப்பு. கோபப்பட வேண்டிய நேரத்தில் இதையெல்லாம் கவனித்ததற்காக அவளுக்குத் தன் மீதே எரிச்சல் வந்தது.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்லைங்க. நூறு சத்தத்தையும் எந்தக் கச்சேரில வாசிப்பீங்கன்னு யோசிச்சேன்."

"நான் சர்ச்சுல வாசிக்கிறேன். அது கச்சேரி இல்ல."

"அப்பச் சரி... அம்பது போதும்."

அவன் பெயர் ராஜபாண்டி. உசிலம்பட்டிக்காரன். ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிப்பவன். பேரையூர், உசிலம்பட்டிப் பக்கம் எந்தக் கோயிலில் திருவிழா என்றாலும் அந்தக் குழு இருக்கும். ஹெப்சிபாவுக்கு ஊர் ஆனையூர், மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். அப்பா இம்மானுவேல் அதே பள்ளியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், சர்ச் பாடகர் குழுவுக்குத் தலைவர். அந்த வருஷம் பாடகர் குழு கிறிஸ்துமஸுக்குத் திறந்தவெளி மேடைகளில் பாடப்போகிறது. வெட்டவெளியில் தன் பேஸ் எடுபட வேண்டுமே என்ற கவலையில்தான் அவள் கடைக்கு வந்திருந்தாள்.

ராஜபாண்டி கேட்காமலேயே விளக்கம் சொன்னான். மேடைக்கு மூன்று போதுமாம். பனியில் தந்தி இறங்கிவிடும், அதைச் சத்தமில்லாமல் சரிசெய்ய ஒரு ட்யூனர். மெல்லத் தொட்டதையும் அழுத்தித் தொட்டதையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர ஒரு கம்ப்ரஸர். ஊர் மேடைகளில் பேஸுக்கென்று தனி ஸ்பீக்கர் யார் வைக்கிறார்கள்... வயரை நேராக மைக்செட் மிக்ஸரில் சொருகும்போது ஒலிக்குச் சதை பிடிக்க ஒரு ப்ரீஆம்ப். அம்புட்டுத்தான் என்றான்.

வகுப்பில் நாற்பது பிள்ளைகளை மிரட்டுகிறவளுக்கே பாடமா? அவள் வீம்பாகப் பெரிய பெட்டியில் ஒரு உறுமலைத் தேர்ந்தெடுத்து வாசித்தாள். கடையே அதிர்ந்தது. எப்படி என்பதுபோல் பார்த்தாள். அவன் உள்ளே போய் அங்கிருந்த டிரம் மெஷினையும் கீபோர்டையும் போட்டுவிட்டு, மறுபடி வாசிக்கச் சொன்னான். வாசித்தாள்... அவள் பேஸைக் காணோம். அடிச் சத்தமெல்லாம் உறுமலுக்குள் கரைந்து போயிருந்தது.

"தனியாக் கேட்டா எல்லாமே நல்லாத்தாங்க இருக்கும். கூட்டத்துக்குள்ள கேக்குதான்னு பாக்கணும்."

அந்த வார்த்தை பின்னாளில் தன்னையே குத்தும் என்று அன்று அவளுக்குத் தெரியாது.

கடையில் பழைய பெடல்கள் மூன்றை ஒரே பலகையில் பூட்டி விற்பனைக்கு வைத்திருந்தார்கள். சரியாக அவன் சொன்ன மூன்று. அவன் அந்தப் பலகையைப் பார்க்க மாதக்கணக்காக வந்துகொண்டிருந்தானாம். பாதி விலைக்குத்தான் அவன் கையில் காசு சேர்ந்திருந்தது. அவள் கையிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். கணக்கு டீச்சருக்கு மூளையில் பளிச்சென்று ஒரு கணக்கு ஓடியது. அவளுக்கு வேண்டியது கிறிஸ்துமஸ், ஈஸ்டர், ஞாயிற்றுக்கிழமை. அவனுக்கு வேண்டியது தைப்பொங்கல், சித்திரை, ஆடி, முகூர்த்த நாள். இரண்டும் எங்கே முட்டப் போகிறது? சேர்ந்து வாங்கி மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்றாள். முன்பின் தெரியாதவனிடம் இப்படிக் கேட்கிறோமே என்று சொல்லி முடித்த பிறகுதான் வெட்கம் வந்தது... அவன் சிரித்தான். வெளியே மழையும் விட்டிருந்தது.

அதன்பிறகு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுதான் அவர்களுடைய இடம். உசிலம்பட்டி பஸ் நிற்கிற வரிசைக்கு எதிரே ஒரு டீக்கடை. சனிக்கிழமை அவன் பலகையைக் கொண்டுவந்து தருவான். திங்கள் சாயங்காலம் பள்ளி விட்டதும் அவள் திருப்பித் தருவாள். பலகை கைமாற இரண்டு நிமிஷம். டீ குடிக்க முக்கால் மணி நேரம்.

ஆளுக்கொரு விதமாகப் பெடல் குமிழ்களைத் திருகுவதால், அவள் தன் அளவுகளை ரோஸ் நிற நகப்பூச்சால் புள்ளி வைத்துக் குறித்தாள். அவன் அவளிடமே வொயிட்னர் வாங்கி வெள்ளைப் புள்ளி வைத்தான். "உங்க புள்ளி ரொம்ப அடக்கமா இருக்கு டீச்சர். எங்க ஊர்ல இந்தச் சத்தத்துக்கு வெடி போடுறவன்கூடத் திரும்பிப் பாக்க மாட்டான்" என்று கிண்டல் செய்வான். எங்கள் சர்ச்சில் வெடி போடுவதில்லை என்று இவள் முறைப்பாள். ஆனால் ஒவ்வொரு முறை பலகை திரும்பி வரும்போதும் குமிழ்கள் எல்லாம் ரோஸ் புள்ளியிலேயே நிற்கும். வாசித்து முடித்துவிட்டுப் பொறுப்பாகத் திருப்பி வைத்துத் தருகிறான் என்று நினைத்துக்கொண்டாள். அந்தப் பொறுப்புகூடப் பிடித்திருந்தது. எதுதான் பிடிக்காமல் இருந்தது... பஸ் ஏறியபின் ஜன்னல் வழியே தலையாட்டி, "வாரேன் டீச்சர்" என்பானே, அந்த ஒரு சொல்லுக்காக அவள் திங்கட்கிழமைகளை எண்ணத் தொடங்கியிருந்தாள். வீட்டில் மட்டும் மூச்சு விடவில்லை. பலகை சர்ச்சுக்காகக் கடையில் வாடகைக்கு எடுத்தது என்று அப்பாவிடம் ஒரு பொய் சொல்லியிருந்தாள்.

கணக்கு டீச்சரின் கணக்கு பங்குனியில் உதைத்தது. பங்குனி உத்திரமும் பௌர்ணமியை ஒட்டித்தான் வரும். ஈஸ்டரும் அதே பௌர்ணமியைப் பார்த்துத்தான் வரும். வானத்தில் இருப்பது ஒரே நிலா. எப்படி இதை மறந்தாள்? சனிக்கிழமை பேரையூர்ப் பக்கம் கோயில் திருவிழாவில் அவனுக்குக் கச்சேரி. ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்கு சர்ச் வளாகத்தில் அவளுக்கு உயிர்த்தெழுதல் ஆராதனை. பலகை இல்லாமல் சமாளித்துக்கொள்கிறேன் என்று அவளே சொன்னாள். அவன் கேட்கவில்லை. முதல் பஸ் பிடித்துக் கொண்டுவந்து சேர்ப்பது தன் பொறுப்பு என்றான்.

சொன்னபடி வந்தான். தூங்காத கண்கள், கசங்கிய வேட்டி, நெற்றியில் திருவிழாக் குங்குமம், தோளில் பலகை. வெள்ளைப் புடவைகளும் வெள்ளைச் சட்டைகளுமாக நிறைந்திருந்த வளாகத்துக்குள் அவன் நடந்து வந்தபோது எல்லாத் தலைகளும் திரும்பின. அவளுக்கு ஓடிப்போய் வாங்க வேண்டும் போலிருந்தது. கால் நகரவில்லை.

அப்பா சாதாரணமாகத்தான் கேட்டார், "யாரும்மா இந்தத் தம்பி?"

பாடகர் குழு மொத்தமும் அவளைப் பார்த்தது. எங்கோ ஆனையூர்ப் பக்கம் ஒரு சேவல் கூவியது.

"மைக்செட் ஆளுப்பா... பெட்டி குடுக்க வந்தவரு."

அவன் காதில் விழுந்தது. முகம் மாறவில்லை. அப்பா நல்ல மனுஷர். விடியற்காலையில் இத்தனை தூரம் வந்திருக்கிறாரே என்று ஒரு டீ கொடுக்கச் சொன்னார். ராஜபாண்டி ஜெனரேட்டர் பக்கம் ஓரமாக நின்று அதைக் குடித்தான். காகிதக் கப்பை மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டான். அவளை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு நடந்தான். அன்று வாரேன் என்று சொல்லவில்லை.

அன்றைக்கே போன் செய்திருக்கலாம். வீடு நிறைய விருந்தாளிகள். மறுநாள் வெட்கம் வந்து தடுத்தது. மூன்றாம் நாள் வெட்கம் ரோஷமாக மாறிவிட்டது... அவனுக்குப் பலகை வேண்டும்தானே, அவன் கூப்பிடட்டும். தப்பு செய்தவளுக்கு ரோஷம் வேறு! அவன் கூப்பிடவில்லை. சித்திரை போனது, ஆடி போனது. பலகை அவள் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

ஐப்பசியில் மழை மறுபடி வந்தது. வயர் வாங்கப் போன அதே கடையில், மைக் பார்க்க வந்திருந்த ஒரு பெண் இவளை உற்றுப் பார்த்தாள். பாண்டிமீனா, ராஜபாண்டியின் குழுவில் பாடுகிறவள். ஆரப்பாளையத்தில் பார்த்த டீச்சரா என்று கேட்டுவிட்டு, மனதில் வைத்திருந்ததைக் கொட்டினாள். பலகை இல்லாமல் சித்திரைத் திருவிழா மைதானங்களில் அவன் பேஸ் எடுபடவே இல்லையாம். இரண்டு கச்சேரி பார்த்த குழுத்தலைவர், பேஸைக் கீபோர்டிலேயே வாசித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டாராம். ராஜபாண்டி இப்போது அதே குழுவுக்கு மிக்ஸர் பார்க்கிறானாம்.

"கேட்டு வாங்க வேண்டியதுதானண்ணேன்னு நான் எம்புட்டோ சொன்னேன். அது அவங்க பெட்டின்னுட்டாரு. அவரு வாசிச்சதெல்லாம் உங்க ரோஸ் புள்ளியிலதான், தெரியுமா... தலைவரு திட்டுனாலும் ஒரு நாளும் மாத்தல."

ஹெப்சிபா குடையை விரிக்க மறந்து தெருவில் நடந்தாள். வீடு வந்ததும் பலகையை வெளியே இழுத்துப் பார்த்தாள். அவன் வைத்த வெள்ளைப் புள்ளிகள் அப்படியே புதுசாக இருந்தன. ஒரு கீறல்கூட இல்லை. அவன் அந்தப் பக்கம் திருகியதே இல்லை. தனியாக இருக்கும்போது எத்தனை அன்பு தன் மனதில்... கூட்டத்துக்கு நடுவே அது கேட்காமல் போய்விட்டதே. அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டு அழுதாள்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வாடகைப் பொய், ஆரப்பாளையம், ஈஸ்டர். அவர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா, அந்தத் தம்பிய உள்ள கூப்பிட்டு உக்கார வச்சிருப்பேனேம்மா..." என்றார். அவர் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. கல்யாணப் பேச்சைப் பிறகு பார்க்கலாம், முதலில் அவர் பொருளைக் கொண்டுபோய்க் கொடு என்று எழுந்து போய்விட்டார்.

உசிலம்பட்டியில் பாண்டிமீனா சொல்லியிருந்த கல்யாண மண்டபம். சாயங்கால வரவேற்புக்கு மதியமே மேடை தயாராகிக்கொண்டிருந்தது. தகரக் கொட்டகையில் மழை தாளம் தட்டியது. ஒரு தோளில் பலகை, மறு தோளில் தன் பேஸ், நனைந்த புடவை என்று அவள் வந்து நின்றபோது, மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் எழுந்தான். இளைத்திருந்தான்.

"வாங்க டீச்சர். நனைஞ்சுட்டீங்களே."

"பெட்டியக் கொண்டாந்திருக்கேன்."

"அது எதுக்கு இனிமே... கிடார வித்துட்டேன். இப்ப நெசமாவே மைக்செட் ஆளுதான்."

குத்திக்காட்டவில்லை. உள்ளதைச் சொன்னான். அதுதான் அவளைக் கொன்றது.

டிரம்ஸ் பூட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, யாரு மாப்ள இவங்க என்றார். கீபோர்டுக்காரர் பார்த்தார். பாண்டிமீனா பார்த்தாள். சமையல்கட்டிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். ராஜபாண்டி, "சர்ச்சுல பாட்டு..." என்று தொடங்கினான். அவளைக் காப்பாற்றத்தான்.

"இவர விரும்புறவ," என்றாள் ஹெப்சிபா. எல்லோருக்கும் கேட்டது. "ஈஸ்டர் அன்னைக்கு எங்க அப்பா இதே கேள்வியத்தான் கேட்டாரு. அன்னைக்குச் சொல்லாம விட்டத இன்னைக்குச் சொல்றேன். லேட்டுன்னு தெரியும்."

அவன் பலகையின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ரோஸ் புள்ளிகளை விரலால் தடவினான்.

"கோபமே இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன் டீச்சர். அந்த டீ இன்னும் தொண்டைலயே நிக்குது." அவளை நிமிர்ந்து பார்த்தான். "ஆனா இந்தப் புள்ளில வாசிக்கும்போது நீங்க பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கும். மைதானத்துல பாதிதான் கேக்கும், தெரியும். இருந்தாலும் மாத்த மனசு வரல. அன்னைக்கு மட்டுமில்ல... இன்னைக்கும் வராது."

அவள் தன் பேஸை உறையிலிருந்து எடுத்து நீட்டினாள். அவன் தயங்கி வாங்கினான். வயரைச் சொருகி, கனத்த தந்தியை அழுத்தி ஒரு சுரம் வாசித்தான். மண்டபத் தரை அதிர்ந்தது. அடுத்த சுரத்தில் முகம் சுளித்துக் கையை எடுத்துவிட்டான். என்ன என்று அவள் அந்த விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். வருஷக்கணக்காக வாசித்துக் காய்த்திருந்த நுனிகள்... டீ கிளாஸை வாங்கும்போது சொரசொரவென்று படுகிற நுனிகள்... குழந்தை விரல் போல மெத்தென்று ஆகியிருந்தன. ஆறே மாதத்தில். அவளுடைய ஒரு வார்த்தையால்.

"காய்ப்புப் போயிருச்சு டீச்சர்."

"மறுபடி வராதா?"

"வரும். வலிக்க வலிக்க வாசிக்கணும்."

"வாசிங்க," என்றாள் கண்ணீரோடு. "நான் இங்கயே நிக்கிறேன்."

அவன் மறுபடி தந்தியை அழுத்தினான். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் அவன் பக்கத்திலேயே நின்றாள்.