வியாழக்கிழமைச் சாவி

அவளுடைய சாவிக்கொத்தில் நான்கு சாவிகள் இருக்கின்றன. ஒன்று வீட்டுக்கு. ஒன்று அலமாரிக்கு. ஒன்று ஸ்கூட்டருக்கு. நான்காவது சாவி எதையும் திறக்காது. அதற்குரிய பூட்டே இப்போது இல்லை. இருந்தும் அவள் அதைக் கழற்றுவதில்லை.

அந்தச் சாவி பிறந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. தெருவே அவளை முந்திரி என்றுதான் கூப்பிடும். யார் யாரிடம் என்ன கேட்டாலும் முதல் பதில் அவளுடையதாக இருக்கும். முந்திரிக்கொட்டை என்று ஆரம்பித்தார்கள். கொட்டை எப்போதோ உதிர்ந்துபோனது.

அம்மா சாவி போடுபவள். நகரத்தின் நடுவில், மணிக்கூண்டுக்கு எதிரே, ஒரு தகரப் பெட்டிக்கடை. உட்கார்ந்தால் முழங்கால் எதிர்ப் பலகையில் இடிக்கும். சுவரெல்லாம் ஆணி. ஆணியெல்லாம் மொட்டைச் சாவி. பல் வெட்டாத சாவிக்கு அந்தப் பெயர். அம்மா அரத்தால் ராவும்போது பித்தளைத் தூள் மடியில் விழும். சாயங்கால வெயிலில் அது மினுங்கும்.

அந்த வருடம் அம்மாவுக்கு இரண்டு முறை காய்ச்சல் வந்தது. இரண்டு முறையும் டாக்டர் ஒரே காரணத்தைச் சொன்னார்.

"சிறுநீர்ல கிருமி. நிறையத் தண்ணி குடிங்க. அடக்கி வைக்காதீங்க. மூணாவது தடவை வந்தா ஆஸ்பத்திரியில படுக்கணும்."

அம்மா சரி சரி என்று தலையாட்டினாள்.

காலையில் அம்மாவின் நீல பாட்டிலில் தண்ணீர் நிரப்புவது முந்திரியின் வேலை. மாலையில் அதைக் கழுவி வைப்பதும் அவள் வேலை. காலையில் எப்படிப் போனதோ அப்படியே மாலையில் திரும்பி வரும். முந்திரி அந்தத் தண்ணீரை வாசலில் இருந்த செடிக்கு ஊற்றினாள். செடி நன்றாக வளர்ந்தது. அம்மாதான் இளைத்தாள்.

கோடை விடுமுறையில் முந்திரியும் கடைக்குப் போனாள்.

முதல் நாளே ஒருவர் ஒரு சோப்புக் கட்டியை நீட்டினார். அதில் ஒரு சாவியின் அச்சு பதிந்திருந்தது.

"இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடும்மா."

"பூட்டு எங்க?" என்றாள் அம்மா.

"பூட்டு எதுக்கு? அச்சுதான் இருக்கே."

"சோப்பை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குளிங்க. சாவி வேணும்னா பூட்டுக்கு உரியவர் வந்து நிக்கணும். அதுதான் இங்க விதி."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். பக்கத்தில் கிழிந்த பைகளைத் தைத்துக்கொண்டிருந்த பை மாமா தலையை நீட்டினார்.

"சோப்பையாவது வாங்கி வச்சிருக்கலாமேம்மா. நல்ல வாசனை!"

அன்று வெயில் அதிகம். முந்திரி தன் பாட்டிலை மதியத்துக்குள் காலி செய்துவிட்டாள். பிறகு ஒற்றைக் காலில் நின்றாள். பிறகு மற்றக் காலில் நின்றாள்.

அம்மா அரத்தைக் கீழே வைத்தாள். கடையைப் பூட்டிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள். வங்கியில், ஊழியர்களுக்கு மட்டும் என்றார்கள். சாப்பாட்டுக் கடையில், தண்ணீர் வரவில்லை என்றார்கள். துணிக்கடை வாசலில் இருந்த காவலாளி, ஏதாவது வாங்கினால் உள்ளே விடலாம் என்றார்.

அம்மா ஒரு சீப்பு வாங்கினாள்.

முந்திரி வெளியே வந்து நிம்மதியாக மூச்சு விட்டாள்.

"நீ போகலையாம்மா?"

"எனக்கு வரல."

"காலையிலேர்ந்தேவா?"

அம்மா சீப்பைப் பையில் போட்டாள். காவலாளி சொன்னார்: "ஒரு சீப்புக்கு ஒரு ஆள்தான் பாப்பா."

வீட்டில் கண்ணாடி முன்னால் ஏற்கெனவே நான்கு சீப்புகள் இருந்தன. இருப்பது இரண்டே தலை. முந்திரிக்கு அது நெடுநாளாகப் புரியாத புதிர். இப்போது புரிந்தது. நீல பாட்டிலும் புரிந்தது. ஒரு நாளைக்கு மூன்று சீப்பு யார் வாங்குவார்கள்? அதைவிடத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது சுலபம்.

திரும்பும் வழியில் மணிக்கூண்டை ஒட்டி ஒரு சின்னக் கட்டடம் இருந்தது. பச்சைக் கதவு. சுவரில், பாதி அழிந்த எழுத்தில், பொதுக் கழிவறை என்று இருந்தது. கதவில் ஒரு பெரிய பூட்டு. பூட்டில் துரு. துருவின் மேல் ஒட்டடை.

"அம்மா! இதைத் திற. நீதான் எந்தப் பூட்டையும் திறப்பியே!"

"இது நம்ம பூட்டா?"

"இல்ல."

"அப்ப நட."

முந்திரி நடந்தாள். ஆனால் அவளுடைய மூளை பச்சைக் கதவின் முன்னாலேயே நின்றுவிட்டது. பூட்டுக்கு உரியவர் வந்து நின்றால் அம்மா திறப்பாள். உரியவர் யார்? அதைக் கண்டுபிடித்தால் போதும்.

மறுநாள் பை மாமாவிடம் கேட்டாள்.

"நகராட்சியோடதும்மா. பூட்டி ரெண்டு வருஷம் ஆச்சு."

"நீங்க எங்க போறீங்க?"

"பஸ் நிலையத்துக்கு. நான் போயிட்டு வர்றதுக்குள்ள ரெண்டு பை கைமாறிப் போயிடும்."

நகராட்சி அலுவலகம் அதே தெருவின் கடைசியில் இருந்தது. மாடியில், ஜன்னலோர மேசையில் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். அவர் சட்டைப் பையில் மூன்று பேனாக்கள் இருந்தன. கையில் நான்காவது.

"சார், பச்சைக் கதவுப் பூட்டு உங்களோடதா?"

"எந்தப் பச்சைக் கதவு?"

"மணிக்கூண்டு பக்கத்துல. கழிவறை."

"அதுவா? அது நகராட்சியோடது."

"அவர் எங்க இருக்கார்?"

"யாரு?"

"நகராட்சி."

பேனாக்காரர் எழுதுவதை நிறுத்தினார். "நகராட்சின்னு ஒரு ஆள் இல்ல பாப்பா. நாங்க எல்லாரும் சேர்ந்ததுதான் நகராட்சி."

"எல்லாரும் வரணுமா? அவ்வளவு பேர் நிக்க அங்க இடம் இல்லையே!"

"எதுக்கு வரணும்?"

முந்திரி அம்மாவின் விதியைச் சொன்னாள். பேனாக்காரர் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே அடையாளச் சீட்டு இல்லாத சாவிகள் குவிந்து கிடந்தன. அவர் அதை அப்படியே மூடினார்.

"சாவி தொலைஞ்சு போச்சு. சாவி இருந்தாலும் திறக்க முடியாது. கழுவிக்கிட்டு இருந்த அம்மா வேலையை விட்டுப் போயிட்டாங்க. வேற ஆள் கேட்டு மூணு கடிதம் எழுதிட்டேன். பதில் இல்ல. கழுவாம திறந்து வச்சா ஒரு வாரத்துல நாறிடும். அப்புறம் ஊரே என்னைத்தான் திட்டும்." அவர் அவளை உற்றுப் பார்த்தார். "யாருக்கு அவசரம்?"

எங்கம்மாவுக்கு என்று சொல்ல முந்திரி வாயைத் திறந்தாள். சாப்பாட்டுக் கடை வாசலில் அம்மா தலை குனிந்து, மெல்லிய குரலில் கேட்டது நினைவுக்கு வந்தது.

"எனக்குத்தான் சார்," என்றாள். "கழுவ ஆள் இருந்தா நீங்க வந்து நிப்பீங்களா?"

"நின்னுட்டாப் போச்சு."

அவர் பேச்சுக்குச் சொன்னார். முந்திரி பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் பை மாமாவுக்கு அடுத்த கடையில் இருந்த ஜெராக்ஸ் அக்காவிடம் ஒரு வெள்ளைத் தாள் வாங்கிக் கிழமைகளை எழுதினாள். ஞாயிறு எல்லாக் கடைகளும் மூடியிருக்கும். மீதி ஆறு. ஜெராக்ஸ் அக்கா தாளைப் பார்த்தவுடன் திங்களுக்கு நேரே தன்னைப் போட்டுக்கொண்டாள்.

பை மாமா ஊசியைக் காதில் செருகினார்.

"நானா? எங்க வீட்டுல நான் குடிச்ச டம்ளரைக்கூடக் கழுவினதில்ல. தெரியுமா?"

"அதைப் போய் ஏன் மாமா பெருமையாச் சொல்றீங்க?"

ஜெராக்ஸ் அக்கா உள்ளே இருந்து சிரிப்பது கேட்டது. மாமா தலையைச் சொறிந்தார்.

"சரி, செவ்வாய்னு போடு. மெதுவாப் பேசு. வீட்டுக்குத் தெரிஞ்சா அங்கயும் கழுவச் சொல்வாங்க."

மணிக்கூண்டடியில் போக்குவரத்துக் காவலர் அக்கா நின்றுகொண்டிருந்தார். முந்திரி விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே தாளை வாங்கினார். புதனில் எழுதினார். வெள்ளியிலும் எழுதினார்.

"ரெண்டு நாளாக்கா?"

"நான் இங்க எட்டு மணி நேரம் நிக்கறேன் பாப்பா."

தாளைத் திருப்பிக் கொடுத்தார். விசிலை ஊதினார்.

சனிக்கிழமையில் முந்திரி தானே அம்மா என்று எழுதினாள். அம்மாவைக் கேட்கவில்லை. வியாழன் மட்டும் வெறுமையாக இருந்தது. அதில் தன் பெயரை எழுதிக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

பேனாக்காரர் தாளை வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்தார். மூன்று பேனாக்களில் எதையும் தொடவில்லை. குடையை எடுத்தார்.

அம்மா அரத்தோடு தலை நிமிர்ந்தாள். எதிரே ஒரு குடை. குடைக்குக் கீழே ஓர் அதிகாரி. அவர் பக்கத்தில் மூச்சிரைக்க அவள் மகள்.

"பூட்டுக்கு உரியவர் வந்து நிக்கணுமாமே," என்றார் அவர். "வந்துட்டேன்."

அம்மா எழுந்தாள். அவள் முகம் சிவந்தது. முந்திரியை ஓரமாக இழுத்தாள்.

"எனக்குப் போக இடமில்லன்னு ஊர் பூராச் சொல்லிட்டியா?"

"இல்லம்மா. எனக்குன்னுதான் சொன்னேன்."

அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு ஆணியிலிருந்து ஒரு மொட்டைச் சாவியை எடுத்தாள்.

பூட்டுக்குள் எண்ணெய் விட்டாள். மொட்டைச் சாவியை நுழைத்து அழுத்தித் திருகி வெளியே எடுத்தாள். வெயிலில் பிடித்துப் பார்த்தாள். பூட்டின் உள்பக்கம் உரசிய இடத்தில் மெல்லிய கீறல்கள் இருந்தன. அங்கே அரத்தால் ராவினாள். மறுபடி நுழைத்தாள். மறுபடி ராவினாள். சுற்றிலும் கூட்டம் கூடியது.

"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் ராவும்மா," என்றார் பை மாமா.

"அண்ணே, வெளிச்சத்தை மறைக்காதீங்க."

பதினோராவது முறை, டொக் என்றது பூட்டு.

உள்ளே இரண்டு வருடத்துச் சருகுகள் கிடந்தன. ஜன்னலில் ஒரு காலிக் குருவிக்கூடு. ஜெராக்ஸ் அக்கா துடைப்பம் கொண்டுவந்தாள். பேனாக்காரர் பின்பக்கம் போய்க் குழாயின் வால்வைத் திருகினார். குழாய் இருமியது. பழுப்பாகத் துப்பியது. கடைசியில் தெளிந்த தண்ணீர் கொட்டியது. பை மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேய்த்த தேய்ப்பில், அவர் அதற்குமுன் டம்ளர் கழுவியதில்லை என்பது பொய்யோ என்று எல்லோருக்கும் சந்தேகம் வந்தது.

எல்லாம் முடிந்தது. தரை ஈரமாகப் பளபளத்தது. யார் முதலில் போவது? எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"குழந்தை போகட்டும்," என்றாள் அம்மா. "அவளுக்குத்தான் அவசரமாம்."

முந்திரி வானத்தைப் பார்த்தாள்.

"எனக்கு வரல."

அம்மா ஒரு நிமிடம் நின்றாள். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று மாலை அம்மா எல்லோருக்கும் ஆளுக்கொரு சாவி வெட்டினாள். தினமும் காலையில் முறைக்காரர் வந்து திறந்து, கழுவிவிட்டுப் போவார். முந்திரி அந்த விடுமுறை முழுக்க வியாழக்கிழமைகளில் பாவாடையைச் செருகிக்கொண்டு தண்ணீர் ஊற்றினாள். அம்மா கூட நின்று தேய்த்தாள். முந்திரி மறுபடி பள்ளிக்குப் போகத் தொடங்கும் முன் பேனாக்காரர் நான்காவது கடிதம் எழுதினார். அதோடு முந்திரியின் தாளையும் இணைத்து அனுப்பினார். அதற்குப் பதில் வந்தது. ஆளும் வந்தார்.

இப்போது அந்த இடத்தில் பெரிய கட்டடம் இருக்கிறது. வெள்ளை ஓடு பதித்திருக்கிறார்கள். இரவும் பகலும் திறந்தே இருக்கும். பூட்டு கிடையாது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் விரல்கள் தாமாகவே நான்காவது சாவியைத் தேடும். வழவழவென்று தேய்ந்துபோன பற்கள். கொஞ்சம் பித்தளை வாசனை. அதோடு, சாவிகள் வெட்டி முடித்த அந்த மாலையும் வந்துவிடும்.

அன்று இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். அம்மாவின் மடியிலிருந்த பித்தளைத் தூள் காற்றில் பறந்தது. அம்மா பையிலிருந்து நீல பாட்டிலை எடுத்து, தலையை அண்ணாந்து, வாய்க்கு மேல் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழுந்தது. குலுக்கிப் பார்த்தாள். இன்னொரு சொட்டு.

"ஏண்டி," என்றாள் அம்மா, "இந்த பாட்டில் நமக்குக் கொஞ்சம் சின்னது, இல்ல?"