துண்டு போட்டது யார்?

“எங்க நைனா எதுக்குடி உங்க கம்ப்யூட்டர்ல இருந்து...”

“நாலுன்னு சொல்லித்தானே குடுத்தாரு? இப்ப பாத்தா ரெண்டு கூட...”

“...எடுக்கணும்? எங்க கடையில டப்பா டப்பாவா கெடக்குது.”

“அப்ப மீதி எங்க போச்சு? கால் மொளைச்சு நடந்து போச்சா?”

“எடுத்ததை நீ பாத்தியா? சொல்லு, பாத்தியா?”

ரயில்வே கேட் மூடியிருந்தது. பள்ளி விட்டு வந்த இளமதியும் சோனியாவும் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, மூச்சு விடாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் சரக்கு ரயிலுக்கு எப்போது தலை, எப்போது வால் என்று யாருக்கும் தெரியாது. தடதடவென்று ஒன்று வந்தது. இளமதி கத்தியது சோனியாவுக்குக் கேட்கவில்லை. சோனியா கத்தியது இளமதிக்குக் கேட்கவில்லை. இரண்டு பேரும் வாயை மட்டும் அசைத்தார்கள்.

கடைசிப் பெட்டி போய்விட்டது. சோனியா அதைக் கவனிக்கவில்லை.

“உங்க நைனாதான் திருடிக்கினாரு.”

அமைதியில் அந்த ஒரு வரி மட்டும் கணீரென்று விழுந்தது. பால் கேன் வைத்திருந்தவர் திரும்பினார். ஷேர் ஆட்டோவில் இருந்த நான்கு பேர் திரும்பினார்கள். கேட் மேலே ஏறியது. இளமதி யாரையும் பார்க்காமல் தண்டவாளத்தைத் தாண்டி நடந்தாள். காது இரண்டும் சூடாக இருந்தன.

விஷயம் இதுதான். இளமதியின் அப்பா துளசிராமன் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். இளமதி அவரை நைனா என்றுதான் கூப்பிடுவாள். ஏதோ ஓர் ஆபீஸ் வேண்டாமென்று கழித்த பழைய கம்ப்யூட்டரைச் சரிசெய்து, சோனியாவின் அம்மா ஹெலனுக்குக் கொடுத்தவர் அவர்தான். “நாலு ஜிபி மெமரி இருக்குது. உங்க ஊட்டுக்கு இது போதும்” என்று சொல்லிக் கொடுத்தார்.

அது இப்போது சொன்னபடி ஓடவில்லை. ஒரு பக்கம் திறப்பதற்குள் உலையில் சோறு வெந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, வீட்டுக் கம்ப்யூட்டரில் எவ்வளவு மெமரி என்று பார்த்து வரச் சொல்லிவிட்டார் கணினி டீச்சர். சோனியா பார்த்தாள். இரண்டு கூட முழுதாக இல்லை. அதை அம்மாவிடம் சொன்னாள். ஹெலன் ஆன்ட்டி வாயில் அவல் விழுந்தால் ஊருக்கே விருந்து.

இளமதி கடைக்குள் நுழைந்தபோது, அங்கே கலியன் நின்றுகொண்டிருந்தார். ஹெலன் ஆன்ட்டி போகும் அதே கம்பெனி பஸ்ஸில் தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர். அன்றைக்கு அவருக்கு லீவு.

“அண்ணே, அந்த லேப்டாப்பைக் குடுத்துடு. அவசரம் இல்ல, அப்புறமா பாத்துக்கலாம்.”

“நான் இன்னும் தொறந்தே பாக்கலியே, கலியா.”

“அதான். தொறக்காம இருக்கும்போதே வாங்கிக்கிறேன்.”

நைனா லேப்டாப்பை எடுத்துக் கொடுத்தார். கலியன் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கழன்று விழுந்த செருப்பைக் கூடச் சரியாக மாட்டாமல் போனார்.

“காலையில வந்த ரம்யாவும் இப்படித்தான் வாங்கிக்கினு போச்சு” என்றார் நைனா. “ஹெலன் பஸ்ஸுல சொல்லிச்சாம், நான் மெமரியைக் கழட்டிக்கினேன்னு.”

“நீ கழட்டுனியா நைனா?”

“இன்னா கேள்வி இது? இல்ல.”

“கேக்கணும்னு தோணிச்சு. கேட்டுட்டேன்.”

நைனாவுக்குச் சிரிப்பு வரப்பார்த்தது. வரவில்லை. தன்னுடைய மேசைக் கம்ப்யூட்டரின் மூடியைத் திறந்து, உள்ளே கையை விட்டார்.

“நம்ம மெசின்ல இருந்து ரெண்டு ஜிபி கழட்டி, நாளைக்கு ஹெலன்கிட்ட குடுத்துட்டு வந்துடறேன். பேஜாரு ஓயட்டும். இப்படியே போனா கடைக்கு யாரு வருவாங்க?”

“நீ எடுக்கலன்னு சொன்னியே.”

“எடுக்கலதான்.”

“எடுக்காததைத் திருப்பிக் குடுத்தா, எடுத்தேன்னு நீயே சொன்ன மாதிரி ஆயிடாதா?”

நைனாவின் கை உள்ளேயே நின்றுவிட்டது.

“எனக்கு ஒரு சாயங்காலம் குடு நைனா. நான் போய்ப் பாத்துட்டு வரேன்.”

“சண்டை போடுவ.”

“அதெல்லாம் ரயில் கேட்டாண்டயே போட்டு முடிச்சாச்சு.”

நைனா சின்ன ஸ்குரூ டிரைவர் ஒன்றை எடுத்து நீட்டினார். “கரண்ட்டு வயரைப் பிடுங்கிட்டுத்தான் மூடியைத் தொடணும். தெரியுதா?”

சோனியா வீட்டு வாசலிலேயே வழிமறித்தாள். ஒரு கையில் பிஸ்கட், இன்னொரு கையில் கதவு.

“நான் உன்கூட காய்.”

“காயாவே இரு. நான் உன்கூட பேச வரல. உங்க கம்ப்யூட்டர்கூட பேச வந்தேன்.”

சோனியா பதிலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே இளமதி உள்ளே போய் வயரைப் பிடுங்கிவிட்டாள்.

பக்க மூடி கழன்றது. உள்ளேயிருந்து ஒரு குட்டிப் பல்லி எட்டிப் பார்த்து, ஓட்டமாக ஓடியது.

“இதையும் எங்க நைனாதான் வெச்சாரா?”

சோனியா சிரிக்கக் கூடாது என்று பிஸ்கட்டைக் கடித்தாள். ஆனால் கழுத்து மட்டும் நீண்டு உள்ளே பார்த்தது.

“அதோ பாரு, பச்சையா ரெண்டு பட்டை. அதான் ரேம், மெமரின்னு சொல்றது. மேல இன்னா எழுதியிருக்குதுன்னு நீயே படி. நான் படிச்சா நம்ப மாட்ட.”

சோனியா முட்டி போட்டுக் குனிந்து படித்தாள். “இதுல ரெண்டு ஜிபி. இதுலயும் ரெண்டு ஜிபி.”

“கூட்டு.”

“நாலு.” சோனியா பிஸ்கட்டைக் கீழே வைத்தாள். “நாலும் உள்ளதான் இருக்குதா? அப்ப ஸ்க்ரீன்ல மட்டும் ஏன் ரெண்டு காட்டுது?”

“அது எனக்கும் தெரியல” என்றாள் இளமதி. உண்மையிலேயே தெரியவில்லை. நைனா எடுக்கவில்லை என்பது தெளிந்துவிட்டது. அப்போதே எழுந்து போயிருக்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் பொருள் எப்படிக் கணக்கில் காணாமல் போகும்? அந்தக் கேள்வி அவளை எழவிடவில்லை.

மூடியைப் பூட்டிக் கம்ப்யூட்டரைப் போட்டார்கள். அது எழுந்திருக்கும் வரை இரண்டு பேரும் பிஸ்கட் பாக்கெட்டைக் காலி செய்தார்கள். காய் விட்டது யாருக்கும் நினைவில்லை.

சோனியா பார்த்த அந்தப் பக்கத்தை இளமதி திறந்தாள். ஒரே வரியில் இரண்டு எண்கள் இருந்தன. போட்டிருப்பது நாலு. பயன்படுவது இரண்டுக்கும் குறைவு.

“முன்னாடியே நாலுன்னு போட்டிருக்குதே, நீ படிக்கலியா?”

“அது சும்மா பெருமைக்குப் போடுறதுன்னு நெனச்சேன்.”

இன்னொரு பக்கத்தில், மெமரியை யார் யார் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று காட்டியது. கீழே ஓரமாக, ‘ரிசர்வ்ட்’ என்று ஒரு சொல். அதன் பக்கத்தில் இரண்டு ஜிபிக்கு மேல் எண்.

“ரிசர்வ்டா? ரயில்ல சீட்டு போடுற மாதிரியா?” என்றாள் சோனியா.

இளமதி கன்னத்தில் கை வைத்து யோசித்தாள். “பஸ்ஸுல துண்டு போட்டு இடம் பிடிக்கிறாங்கல்ல, அந்த மாதிரி. ஆள் உக்காந்தாலும் உக்காரலன்னாலும், வேற யாரும் அங்க உக்கார முடியாது. பாதி பஸ்ஸுக்கு யாரோ துண்டு போட்டுட்டாங்க. மிச்சம் எல்லாரும் மீதிப் பாதியில நசுங்கிக்கினு நிக்கிறாங்க. அதான் உங்க கம்ப்யூட்டர் நகர மாட்டேங்குது.”

“துண்டு போட்டது யாரு?”

“அதைத்தான் பாக்கணும். கம்ப்யூட்டர் முழுசா எழுந்துக்கிறதுக்கு முன்னாடி ஒரு பக்கம் இருக்குது. நைனா அதை பயாஸுன்னு சொல்வாரு. யாரு எவ்ளோ எடுத்துக்கலாம்னு அங்கதான் வெச்சிருப்பாங்க. அணைச்சுப் போட்டு, ஸ்க்ரீன் வர்றதுக்குள்ள ஒரு பொத்தானை அழுத்தணும். எதுன்னுதான் ஞாபகம் வரல, ஒவ்வொரு மெசினுக்கும் ஒண்ணு...”

“எஃப் டூ” என்றாள் சோனியா.

இளமதி மெதுவாகத் திரும்பினாள். “உனக்கு எப்படித் தெரியும்?”

சோனியா தரையைப் பார்த்தாள். அங்கே பிஸ்கட் தூளைத் தவிர ஒன்றும் இல்லை.

அணைத்துப் போட்டார்கள். எஃப் டூ. நீல நிறத்தில் ஒரு பக்கம் வந்தது. இளமதி அம்புக்குறியால் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினாள். படம் காட்டும் பாகத்துக்கு என்று ஒரு வரி. அதற்கு எதிரே, இரண்டு ஜிபி.

“சோனியா.”

“லீவுல ஊடு கட்டுற கேம் போட்டேன்” என்றாள் சோனியா, சின்னக் குரலில். “படத்துக்கு மெமரி பத்தலன்னு சொல்லிச்சு. ஒரு வீடியோவுல அந்த அண்ணன் இங்க வந்து ரெண்டு ஜிபி வெச்சா கேம் பறக்கும்னு சொன்னாரு. நான் வெச்சேன். புதுசா ரெண்டு கெடைக்குதுன்னுதான் நெனச்சேன், இளமதி. இருக்கறதுல இருந்து எடுக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“படத்துக்குன்னு இதுல தனியா மெமரி கெடையாதுடி. இருக்குற ஒரே பானையிலதான் எல்லாரும் சாப்புடணும். அந்த அண்ணன் கம்ப்யூட்டர்ல எவ்ளோ மெமரி?”

“பதினாறுன்னு சொன்னாரு.”

“பதினாறுல ரெண்டு போனா?”

“பதினாலு.”

“நாலுல ரெண்டு போனா?”

சோனியாவின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

இளமதியிடம் ஒரு வாக்கியம் இருந்தது. வழியெல்லாம் தீட்டித் தீட்டிக் கொண்டுவந்த வாக்கியம். ‘இப்ப சொல்லுடி, யாரு திருடன்?’ நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சோனியாவின் முகத்தைப் பார்த்தாள். வாக்கியத்தை அப்படியே விழுங்கினாள். காரமாகத்தான் இருந்தது.

“சரி, வா. எவ்ளோ குடுத்தா கேமும் ஓடும், கம்ப்யூட்டரும் ஓடும்னு பாக்கலாம். எனக்கும் தெரிஞ்சுக்கணும்” என்றாள்.

முதலில் இருப்பதிலேயே சின்ன எண்ணை வைத்தார்கள். கம்ப்யூட்டர் குதிரைபோல எழுந்தது. ஆனால் கேம் கதவையே திறக்கவில்லை. அடுத்த எண்ணுக்குப் போனார்கள். கேம் திறந்தது, சுவரெல்லாம் கோணலாக நடுங்கியது. அதற்கும் அடுத்தது ஐந்நூற்றுப் பன்னிரண்டு, அதாவது அரை ஜிபி. சோனியாவின் வீடு மாடியும் தோட்டமுமாக நிமிர்ந்து நின்றது. மற்ற பக்கங்களும் தடுமாறாமல் திறந்தன.

“மாடியில எதுக்குடி மூணு சமையல்கட்டு?”

“எங்க அம்மாவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. இன்னொண்ணு உனக்குன்னு வெச்சேன். சண்டைக்கு முன்னாடி வெச்சது” என்றாள் சோனியா, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

கேட் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. ஹெலன் ஆன்ட்டி சாப்பாட்டுப் பையோடு வந்தார். இளமதியைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது.

“இன்னா, உங்க நைனா அனுப்புனாரா?”

“இல்ல ஆன்ட்டி, நானாத்தான் வந்தேன்.”

“அம்மா,” என்றாள் சோனியா, “அங்கிள் எடுக்கலமா. நாலும் உள்ளதான் இருக்குது. நான்தான் ஒண்ணை மாத்திட்டேன்.”

ஹெலன் ஆன்ட்டி நம்பவில்லை. திரையைக் காட்டினார்கள். நாலுக்குப் பக்கத்தில் இப்போது மூன்றுக்கு மேல் நின்றது. துண்டு கதையை முதலிலிருந்து சொன்னார்கள். ஆன்ட்டி பையைக் கூடக் கீழே வைக்காமல் கேட்டார். பிறகு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“அடிப்பாவி. நான் பஸ்ஸு முழுக்கச் சொல்லிக்கினு போனேனேடி.” கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார். “சரி, எழுந்திரு. இப்பவே போய் அண்ணன்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டு வந்துடலாம்.”

இளமதி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். “கேளுங்க ஆன்ட்டி, வேணாங்கல. ஆனா தான் எடுக்கலன்னு எங்க நைனாவுக்கு முன்னாடியே தெரியும். தெரியாதவங்க பஸ்ஸுலதான் இருக்காங்க.”

ஆன்ட்டி கடைக்கு வந்தார். நைனாவிடம் தலையைக் குனிந்து, “தப்பாப் பேசிட்டேன், அண்ணே” என்றார். நைனா, “விடும்மா, டீ சாப்புடறியா?” என்றார். பஸ்ஸைப் பற்றி இருவருமே வாயைத் திறக்கவில்லை. இளமதி இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மறுநாள் காலை அந்த பஸ் வரும் நேரத்துக்கு இரண்டு தோழிகளும் கடை வாசலில் வந்து நின்றார்கள். நைனா ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். பழுதுக்கு வந்த பொருள் எதுவும் மேசையில் இல்லை.

பஸ் வந்தது. உள்ளே பாட்டு அலறியது. கலியன் முன் சீட்டில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். ரம்யா ஜன்னலோரம். ஹெலன் ஆன்ட்டி இந்தப் பிள்ளைகளைப் பார்க்காமலே ஏறினார். நடுவில் ஒரு சீட்டைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். பையை மடியில் வைத்துக்கொண்டார்.

“சொல்ல மாட்டாங்க போல” என்றாள் சோனியா, குரல் இறங்கி.

பஸ் உறுமியது. இளமதி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆன்ட்டியின் தலை தெரிந்தது. தலைக்குப் பின்னால் கொண்டை தெரிந்தது. பிறகு தோள் தெரிந்தது. ஆன்ட்டி எழுந்து நின்றுவிட்டார். பாட்டையும் மீறி அவர் குரல் தெரு வரைக்கும் வந்தது.

“டிரைவர் அண்ணே, அந்தப் பாட்டைக் கொஞ்சம் நிறுத்து. துளசிராமன் அண்ணனைப் பத்தி நான் சொன்னேன்ல, அது பொய்யி. கலியா அண்ணே, கடலையைக் கீழ வெச்சுட்டு நீயும் கேளு, முதல்ல இருந்து சொல்றேன்.”