மூன்றாம் குழியின் வரி

சுரங்கத்துக்குள் இறங்கியவர்களின் கோப்பில் நாற்பத்தொரு வரிகள். மேலே வந்தவர்களின் கோப்பில் நாற்பது.

வழக்கமாக மேலாளர் க்ளைவ் பார்க்கும் வேலை. இன்று அவருக்குப் பல்வலி; அவர் இடத்தில் அலுவலக எழுத்தர் பிரான்வென் உட்கார்ந்தாள். குடும்பப்பெயர், தேதி, அட்டை எண் என்று மூன்று புலங்களால் இரண்டு கோப்புகளையும் வரிசைப்படுத்தி இணைத்தாள். ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்க ஊரான கல்கூர்லியின் பிற்பகல் வெயிலில் தகரக்கூரை நெளிந்து முனகியது; குளிரூட்டி ஈரமண் வாசனையைக் கக்கியது; கறுப்புத் திரையில் ஜோடி சேராமல் ஒரே ஒரு வரி நின்றது.

ட்ரெஸைஸ், இயான். இன்று, காலை 6:04. மூன்றாம் குழி.

அந்தக் குழி இடிந்து இரண்டு வருடம். உள்ளே யாருமில்லை என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. இயான் ஊரைவிட்டே ஓடிப்போனான் என்று பேச்சு.

க்ளைவ் தாடையைப் பிடித்தபடி வந்தார். "மெஷின் கோளாறு. அதை அழிச்சிட்டுக் கிளம்பு. பீர் சூடாகுது."

"இறங்கினவன் ஏறலையே, க்ளைவ்."

அவள் மூலக் கோப்புகளைத் திறந்தாள். நேற்றும் 6:04. முந்தாநாளும். இரண்டு வருடமாக, தினமும். அலுவலகப் பிரதிகளில் மட்டும் அந்த வரி இல்லை.

"தினம் அழிச்சது நீங்கதானா?"

அவர் முகம் வெளிறியது. "ஒரு நாள் அழிக்காம விட்டேன். மறுநாள் கோப்புல ரெண்டு வரி வந்துச்சு. வேணாம், பிரான்."

"குழி இடிஞ்ச அன்னிக்கு உள்ள எத்தனை பேர்?"

க்ளைவ் திரையை அணைக்கக் கை நீட்டினார்; அவள் தட்டிவிட்டாள்.

"எத்தனை பேர்?"

"ஆறு."

அழிக்கப்பட்ட வரிகள் அத்தனையையும் அவள் திரும்பச் சேர்த்து, வரிசைப்படுத்தி, அரசுச் சுரங்க ஆய்வாளருக்கு அனுப்பினாள்.

"பைத்தியமா உனக்கு?"

"இருக்கட்டும். இனி ஒரு பேரையும் அழிக்க விடமாட்டேன்."

மேலே வந்தவர்களின் கோப்பு தானாக நீண்டது. ஒரு வரி. இன்னொன்று. ஆறு.

வெளியே, மின்சாரம் துண்டித்த மூன்றாம் குழியில், கூண்டை இழுக்கும் இரும்புக் கயிறு சுற்றத் தொடங்கியது.

க்ளைவ் கதவைத் தாழிட்டார். அவள் தாழை நீக்கினாள்.

கூண்டு வந்து நின்றது. ஆறு தலைவிளக்குகள், வெயிலிலும் எரிந்தன. விளக்குகளுக்குக் கீழே முகங்கள் இல்லை. சிவப்பு மண். அது மூச்சு வாங்கியது.

ஆறும் மெல்ல க்ளைவ் பக்கம் திரும்பின.