தொண்டையில் நின்ற 'அடேங்கப்பா'

பள்ளியில் அவளுக்கு வேறு பெயர். வீட்டிலும் தெருவிலும் எல்லோரும் அவளை 'அடேங்கப்பா' என்றே அழைத்தனர். வயது பத்து. பல் துலக்கும்போது நுரை சற்றுப் பெரிதாக வந்தால் "அடேங்கப்பா!" என்பாள். பக்கத்து வீட்டுப் பூனை கொட்டாவி விட்டாலும் "அடேங்கப்பா!"தான். அவளுடைய சட்டைப்பையில் எப்போதும் ஒரு பச்சைக் கோலிக்குண்டு இருக்கும். அதை வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து, அன்றுதான் முதன்முதலாகக் கண்டவள்போல் நாள்தோறும் வியப்பாள்.

பள்ளி விட்டதும் அத்தையின் கண்ணாடிக் கடைக்கு வந்துவிடுவாள். அப்பா வந்து அழைத்துச் செல்லும்வரை சுவரோரத்து முக்காலிதான் அவளுக்கு இருப்பிடம்.

"ஏம்மா, அந்தச் சொல்லுக்கு என்னதான் அர்த்தம்?" என்று ஒருநாள் மாமா கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"ரொம்பப் பெரிசா எதையாவது பார்த்தாச் சொல்றது, மாமா."

"நேத்து எறும்பைப் பார்த்துச் சொன்னியே?"

"எறும்புலேயே அது பெரிசு!"

மாமா சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. அகன்ற மேசைமேல் குனிந்து, ரொட்டிக் கடையின் முகப்புக்கான கண்ணாடியை வெட்டிக்கொண்டிருந்தார். பழைய கண்ணாடி உடைந்துபோய், கடை திறந்து கிடந்தது. வானமோ கறுத்துக்கொண்டு வந்தது. ரொட்டிக் கடைக்காரர் வாசலில் நின்று, வானத்தையும் அத்தையின் கையையும் மாறிமாறிப் பார்த்தார்.

அத்தையின் கையிலிருந்த கண்ணாடி வெட்டும் வைரமுனை, கண்ணாடிமேல் வெள்ளிக் கம்பிபோல் ஒரு கோட்டை இழுத்துச் சென்றது.

"அடேங்கப்பா!"

அத்தையின் கை துள்ளியது. கோடு வளைந்தது. கண்ணாடி கோணலாக விரிசல்விட்டது.

அத்தை கண்களை மூடித் திறந்தார்.

"பெரிய கண்ணாடி இன்னும் ஒண்ணுதான் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

"இங்க பாரும்மா" என்றார் மாமா. "கண்ணாடி கையில இருக்கும்போது நாங்க கத்த மாட்டோம். 'நில்லு'ன்னு மெதுவாச் சொன்னாப் போதும், நின்னுடுவோம். கத்தினா கை உதறிடும்."

அவள் தலையசைத்தாள். கோலிக்குண்டைக் கைக்குள் இறுகப் பொத்திக்கொண்டு, உதட்டையும் கடித்துக்கொண்டாள்.

இம்முறை கோடு நேராக விழுந்தது. அத்தை ஒரு முனையையும் மாமா மறுமுனையையும் பற்றிக் கண்ணாடியை நிமிர்த்தினர். அது மாமாவைவிட உயரம். அதனுள் கருமேகங்கள் மிதந்தன, தெரு மிதந்தது, ரொட்டிக் கடைக்காரரின் வெள்ளைத் தொப்பியும் மிதந்தது.

வியப்பில் அவளுடைய கை தானாக விரிந்தது.

கோலிக்குண்டு தரையில் விழுந்து உருண்டது. கண்ணாடியை மரச்சட்டத்தில் சாய்க்கப் பின்புறமாக நடந்துவந்த மாமாவின் குதிகாலை நோக்கி நேரே ஓடியது.

அந்தச் சொல் அவள் தொண்டைவரை வந்துவிட்டது. அவள் அதை விழுங்கினாள். ஓடிப்போய் எடுக்கலாமா? கண்ணாடி சாய்ந்தால் அவள்மேல்தான் விழும்.

"மாமா, நில்லுங்க" என்றாள், குடிக்கத் தண்ணீர் கேட்பவள்போல.

மாமா நின்றார்.

"அத்தை, நீங்களும்."

"என்னடா?" அத்தையின் குரல் தாழ்ந்திருந்தது.

"மாமாவோட காலுக்குப் பின்னாடி என் கோலி. காலை எடுக்காதீங்க மாமா. அப்படியே நில்லுங்க."

மாமாவின் நெற்றியில் வியர்வை அரும்பியது. வாசலில் நின்றவர் தம் வாயைத் தாமே பொத்திக்கொண்டார். முக்காலியை விட்டு எழாமல், அவள் சுவரில் சாய்ந்திருந்த நீண்ட துடைப்பத்தை எடுத்தாள். எட்டி, மெல்லத் தள்ளினாள். முதல் தள்ளலில் துடைப்பம் எட்டவில்லை. இரண்டாவதில் கோலி அசைந்து, உருண்டு, மேசைக்கடியில் சென்று மறைந்தது.

"இப்ப நடங்க, மாமா."

கண்ணாடி மரச்சட்டத்தில் பத்திரமாகச் சாய்ந்தது. அப்போதுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

"நானா இருந்தா ஊரையே கூட்டியிருப்பேன்!" என்றார் ரொட்டிக் கடைக்காரர்.

மாமா கையுறையால் நெற்றியைத் துடைத்தார். "இப்பச் சொல்லும்மா உன் சொல்லை. இப்பச் சொன்னாத் தப்பே இல்லை!"

அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

அத்தை அவள்முன் குந்தி அமர்ந்து, அவளைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார்.

"அடேங்கப்பா..." என்றார் மெதுவாக.

அவள் மேசைக்கடியில் தவழ்ந்துபோய்க் கோலிக்குண்டை எடுத்து, புத்தகப்பையின் அடியில் வைத்து மூடினாள்.

"அத்தை, நாளையிலிருந்து இதை வீட்டுலேயே வெச்சுட்டு வரேன்" என்றாள்.